இரண்டு பொத்தான்கள்
(கணினிப் பாடக் கட்டுரை)



ஒரு கடிதம் எழுதுகிறோம். அது மேசைமீது இருக்கும்வரை நம்முடையது. பிடிக்கவில்லையென்றால் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிடலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் தல்லாகுளம் தபால் நிலையத்துச் சிவப்புப் பெட்டிக்குள் போட்டபின், கையை விட்டு அதை எடுக்க முடியாது. கிழிப்பது வேறு, பெட்டியில் போடுவது வேறு. இவ்விரண்டையும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை.

இணையத்தில் நாம் நிரப்பும் படிவத்தின் அடியிலும் இவ்விரு செயல்கள்தாம் இரண்டு பொத்தான்களாக அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று ‘சமர்ப்பி’, மற்றொன்று ‘ரத்து’. குப்பைக்கூடையும் தபால் பெட்டியும் ஒரே நிறத்தில், ஒரே அளவில், ஒரு விரல் இடைவெளியில் நின்றால் கை தவறாதா? அதனினும் மோசம் ஒன்று உண்டு. குப்பைக்கூடை என்று எழுதிய பெட்டிக்கு அடியில், தபால் பைக்குப் போகும் வழியைத் திறந்து வைத்திருந்தால்? அப்படிப்பட்ட படிவங்கள் உண்மையிலேயே உண்டு. அவை ஏன் அவ்வாறு ஆகின்றன, அவற்றைச் செம்மையாகச் செய்வது எப்படி என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இது நமக்கு எதற்கு?

2017-ஆம் ஆண்டு வரை, பொறியியல் படிப்பில் சேர விரும்பிய மதுரை மாணவி தன் தந்தையோடு பாண்டியன் எக்ஸ்பிரஸிலோ இரவுப் பேருந்திலோ சென்னைக்குப் போனாள். அண்ணா பல்கலைக்கழகத்தில் கலந்தாய்வு நடந்தது. எதிரே அலுவலர் ஒருவர் இருந்தார். ஐயம் தோன்றினால் கேட்கலாம். “சற்றுப் பொறுங்கள் ஐயா, என் மகள் யோசிக்கட்டும்” என்று தந்தை சொல்லலாம். 2018-ஆம் ஆண்டில் அக்கலந்தாய்வு இணையவழிக்கு மாறியது. பயணச் செலவும் அலைச்சலும் மிச்சமாயின. அது பெரிய நன்மையே. ஆனால் எதிரே இருந்த மனிதரின் இடத்தில் இப்போது இருப்பவை பொத்தான்கள். கிடைத்த இடத்தை ஏற்கிறேன், ஏற்றுக்கொண்டு மேலான இடத்திற்குக் காத்திருக்கிறேன், விலகிக்கொள்கிறேன் என்ற முடிவுகளையெல்லாம் ஒரு சொடுக்கில் சொல்ல வேண்டும்.

ரயில் முன்பதிவு, உதவித்தொகை, வருமானச் சான்றிதழ், அரசுத் தேர்வு விண்ணப்பம் எல்லாம் இவ்வாறே. உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வரும் ஒரு தாய், கணினி மையத்தில் மகளின் அருகே அமர்ந்து, “பார்த்து அழுத்தம்மா, பார்த்து அழுத்து” என்று சொல்லிக்கொண்டே இருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். அந்த அச்சத்தை அறியாமை என்று நாம் சிரித்துத் தள்ளக் கூடாது. விட்ட அம்பும் சொன்ன சொல்லும் திரும்பா என்பதை அத்தாய் அறிந்தவள். அவளுடைய அச்சத்தைப் போக்க வேண்டியது, படிவத்தைச் செய்பவரின் கடமை. நாளை அப்படிவங்களைச் செய்யப்போகிறவர்கள் உங்களில் பலர்.

கணினி அறையில் நடந்தது

சென்ற ஆண்டு விழாவுக்கு முன்னர், பன்னிரண்டாம் வகுப்பு மாணவியர் இரு குழுக்களாகப் பிரிந்து, போட்டிகளுக்குப் பெயர் பதியும் இணையப் படிவம் ஒன்றைப் பயிற்சியாகச் செய்தனர். பதினோராம் வகுப்பில் எச்.டி.எம்.எல்., பன்னிரண்டாம் வகுப்பில் பி.எச்.பி. என்று கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் படித்ததைக் கொண்டே இரண்டும் உருவாயின. பார்வைக்கு இரண்டும் அழகாக இருந்தன. ஒன்பதாம் வகுப்புச் சிறுமியரை அழைத்து நிரப்பச் சொன்னோம். அரைமணி நேரத்தில் நான்கு கோளாறுகள் வெளிப்பட்டன.

முதற்குழுவின் படிவத்தில் ஒரு சிறுமி நடனப் போட்டிக்குப் பெயரெழுதி, பிறகு மனம் மாறி ‘ரத்து’ பொத்தானை அழுத்தினாள். “உங்கள் பதிவு ரத்து செய்யப்பட்டது” என்று திரையில் செய்தி வந்தது. நிம்மதியாக எழுந்து போனாள். பட்டியலை எடுத்துப் பார்த்தால், நடனப் போட்டியில் அவள் பெயர் இருக்கிறது!

இரண்டாம் குழுவின் படிவத்தில் இன்னொரு சிறுமி எல்லாக் கட்டங்களையும் பொறுமையாக நிரப்பி, கடைசிக் கட்டத்தில் என்டர் விசையைத் தட்டினாள். நிரப்பியது அனைத்தும் மறைந்தது. அவள் ‘ரத்து’ பொத்தானைத் தொடவே இல்லை.

மூன்றாமவள் பாதியில் விட்டு வெளியேற நினைத்து ‘ரத்து’ பொத்தானை அழுத்தினாள். “இக்கட்டத்தை நிரப்புக” என்று படிவம் அவளைத் தடுத்தது. வெளியேறுவதற்கே எல்லாவற்றையும் நிரப்ப வேண்டும் போலும்!

நான்காமவள் சமர்ப்பித்தபோது இணைப்பு மெதுவாக இருந்தது. ஒன்றும் நடக்கவில்லையே என்று மேலும் இருமுறை அழுத்தினாள். பேச்சுப்போட்டிப் பட்டியலில் அவள் பெயர் மூன்று முறை ஏறியது.

நான்கு கோளாறுகளுக்கும் காரணம் கண்டுபிடிப்பதே அந்த வாரத்துப் பாடமாயிற்று.

பொத்தானின் இயல்பு

படிவங்கள் வலைப்பக்கத்தின் மொழியில் முறையாக இடம்பெற்றது, 1995-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். இரண்டாம் பதிப்பில். பொத்தானுக்கென்றே தனி உறுப்பு 1997-ஆம் ஆண்டு நான்காம் பதிப்பில் வந்தது. அவ்வுறுப்பு மூவகைப்படும். முதலாவது சப்மிட்; இது படிவத்தை அனுப்பும். இரண்டாவது ரீசெட், இது கட்டங்களைத் தொடக்க நிலைக்குக் கொண்டுபோகும். மூன்றாவது வெறும் பட்டன். நாம் நிரல் எழுதிச் சொன்னாலன்றி இது ஒன்றும் செய்யாது.

இங்கே ஒன்றை மனத்தில் இருத்துக. படிவத்துக்குள் பொத்தான் உறுப்பை எழுதி, அதன் வகை இன்னதென்று நாம் குறிப்பிடாவிட்டால், உலாவி அதைச் சப்மிட் என்றே எடுத்துக்கொள்ளும். மேலே ‘ரத்து’ என்று எழுதியிருப்பதை உலாவி படித்துப் பொருள் அறிவதில்லை. அஃது உலாவிக்கு வெறும் ஒப்பனை. வகை என்ன என்பதையே அது பார்க்கிறது.

முதற்குழுவின் கோளாறு இதுதான். ‘ரத்து’ பொத்தானுக்கு வகை எழுத மறந்துவிட்டனர். அழுத்தியதும் ஒரு செய்தி காட்டும்படி நிரல் எழுதியிருந்தனர். செய்தி வந்தது, செய்தி மறைந்ததும் உலாவி தன் வழக்கப்படி படிவத்தை அனுப்பிவிட்டது. வாய் ஒன்று சொல்ல, கை வேறொன்று செய்தது. திருத்தம் ஒரு சொல்தான்: வகையைப் ‘பட்டன்’ என்று குறிப்பிட்டால் போதும்.

என்டர் விசை யாருக்குக் கீழ்ப்படியும்?

கட்டத்தில் இருந்தபடி என்டர் விசையைத் தட்டினால், உலாவி அப்படிவத்தின் முதல் சப்மிட் பொத்தானை அழுத்தியதாகக் கொள்ளும். முதல் என்றால் திரையில் முதலில் தெரிவது அன்று. நிரலில் முதலில் எழுதப்பட்டது. அலங்காரக் குறிப்புகளால் பொத்தானைத் திரையில் எங்கு நகர்த்தினாலும் இந்த வரிசை மாறாது.

இரண்டாம் குழுவினர் ‘ரத்து’, ‘சமர்ப்பி’ இரண்டையுமே சப்மிட் வகையாக வைத்து, ரத்தை முதலில் எழுதியிருந்தனர். ஆகவே என்டர் தட்டியவள் தன்னை அறியாமல் ரத்து செய்தாள். சமர்ப்பிக்கும் பொத்தானை நிரலில் முன்னால் எழுதுவதே இதற்கு மருந்து.

இரண்டையும் சப்மிட் வகையாக வைப்பது தவறா? எப்போதும் தவறன்று. வழங்கிக் கணினி, அதாவது சர்வர், நமக்காக ஏதேனும் பிடித்து வைத்திருந்தால், ஓர் இருக்கையையோ பாதி நிரப்பிய வரைவையோ வைத்திருந்தால், நாம் விலகுவதை அதற்குச் சொல்லியாக வேண்டும். அப்போது ‘ரத்து’ பொத்தானும் அனுப்பத்தான் வேண்டும். இரண்டுக்கும் வெவ்வேறு பெயர் சூட்டுங்கள். படிவம் போகும்போது, அழுத்திய பொத்தானின் பெயர் மட்டுமே உடன் போகும். அழுத்தாததன் பெயர் போகாது. பி.எச்.பி. நிரலில், வந்திருப்பது ரத்தின் பெயரா என்பதை எல்லாவற்றுக்கும் முன்பாகக் கேளுங்கள். ஆம் எனில், தகவலைச் சரிபார்க்கவும் வேண்டாம், சேமிக்கவும் வேண்டாம். பிடித்து வைத்ததை விடுவித்துத் திரும்புங்கள். ரத்து இல்லையென்றால் சமர்ப்பிப்புதான் என்று ஊகிக்கவும் வேண்டாம். சமர்ப்பிக்கும் பொத்தானின் பெயர் வந்திருந்தால் மட்டுமே சேமியுங்கள்.

இன்னொரு சிறு குறிப்பு: பொத்தான்மேல் எழுதிய சொல்லைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். இன்று தமிழில் ‘சமர்ப்பி’ என்றிருப்பதை நாளை ஒருவர் ‘அனுப்பு’ என்று மாற்றுவார். ஆங்கிலப் பக்கத்தில் வேறு சொல் இருக்கும். உள்ளே வைத்த பெயரே நிலையானது.

சர்வர் எதையும் பிடித்து வைத்திராத எளிய படிவங்களுக்கு வேறொரு வழி உண்டு. ‘ரத்து’ பொத்தானை எடுத்துவிட்டு, முந்தைய பக்கத்துக்கு ஓர் இணைப்பை மட்டும் வைத்துவிடலாம். அப்போது எதுவும் அனுப்பப்படாது; கடிதம் மேசையிலேயே கிழிபடும்.

வெளியேறுபவரைத் தடுக்காதீர்

கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டங்களை உலாவியே சோதிக்கும் வசதி எச்.டி.எம்.எல். ஐந்தாம் பதிப்பில் வந்தது. அது 2014-ஆம் ஆண்டு அக்டோபரில் முறையான பரிந்துரையாயிற்று. எந்தச் சப்மிட் பொத்தானை அழுத்தினாலும் இச்சோதனை நடக்கும். அதனால்தான் மூன்றாம் சிறுமி உள்ளேயே சிக்கிக்கொண்டாள். இதற்கும் அதே பதிப்பில் விடை இருக்கிறது. ‘ஃபார்ம்நோவேலிடேட்’ என்னும் பண்பைப் பொத்தானுக்கு எழுதினால், அதற்கு மட்டும் சோதனை விலக்களிக்கப்படும். சமர்ப்பிப்பவரிடம் கேள்வி கேளுங்கள். வெளியேறுபவருக்குக் கதவைத் திறந்துவிடுங்கள்.

ரீசெட் பொத்தானைப் பற்றி ஒரு சொல். டென்மார்க் நாட்டவரான ஜேக்கப் நீல்சன் என்னும் பயன்பாட்டு வல்லுநர், பெரும்பாலான படிவங்களில் இப்பொத்தானே தேவையில்லை என்று 2000-ஆம் ஆண்டிலேயே எழுதினார். நிரப்பிய முழுவதையும் ஒரே அழுத்தில் அழிக்க விரும்புவோர் எத்தனை பேர்? சமர்ப்பிக்கப் போய்த் தவறுதலாக அதை அழுத்திவிட்டு வருந்துவோரே மிகுதி.

ஒருமுறை என்றால் ஒருமுறை

நான்காம் கோளாறுக்கு மாணவியர் முதலில் கண்ட தீர்வு, அழுத்தியவுடன் பொத்தானைச் செயலிழக்கச் செய்வது. நல்ல எண்ணமே, ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. செயலிழந்த பொத்தானின் பெயரை உலாவி அனுப்பாது. படிவம் புறப்படும் நொடியில் பொத்தானைச் செயலிழக்கச் செய்தால், எது அழுத்தப்பட்டது என்று சர்வருக்குத் தெரியாமல் போகும். அப்போது, சமர்ப்பிக்கிறோம் என்பதை மறைவான ஒரு கட்டத்தில் எழுதி அனுப்பலாம்.

எனினும் திரையில் செய்யும் காவல் முழுக் காவலன்று. பக்கத்தை மீண்டும் ஏற்றினாலும் படிவம் இரண்டாம் முறை போகலாம். எனவே காவலை சர்வரில் வைக்க வேண்டும். மருத்துவரைப் பார்க்கப் போனால் டோக்கன் தருவார்கள் அல்லவா? பதினேழாம் எண்ணை அழைத்து உள்ளே விட்டபின், அதே எண்ணைக் காட்டி இன்னொருவர் போக முடியாது. அதுபோல ஒவ்வொரு படிவத்துக்கும் சர்வர் ஒரு தனி எண்ணை மறைவாகக் கொடுக்கட்டும். அவ்வெண்ணுடன் முதலில் வந்ததை ஏற்கட்டும்; அதே எண் மறுபடி வந்தால், “உங்கள் விண்ணப்பம் ஏற்கெனவே வந்துவிட்டது” என்று சொல்லட்டும். ஏற்றுக்கொண்டபின், 303 என்னும் குறியீட்டால் உலாவியை வேறொரு பக்கத்துக்கு அனுப்பிவிட வேண்டும். அப்பக்கத்தை எத்தனை முறை மீண்டும் ஏற்றினாலும் படிவம் திரும்பப் போகாது.

இதனோடு சேர்த்து அறிய வேண்டியது: சமர்ப்பித்தபின் உலாவியின் நிறுத்தக் குறியை அழுத்துவது, போன கடிதத்தைத் திரும்ப அழைக்காது. சர்வர் அதற்குள் வேலையை முடித்திருக்கலாம். சமர்ப்பித்ததை மாற்றுவதற்குத் தனி வழி இருக்க வேண்டும்.

‘ரத்து’ என்னும் சொல்

ரயில் பயணச்சீட்டை ரத்து செய்கிறோம்; அது முன்பே பதிவானதை நீக்குவது. படிவத்திலும் ரத்து என்கிறோம். அது பதியாமலேயே விட்டுவிடுவது. ஒரே சொல், இரண்டு பொருள். ஒன்றில் பணம் பிடித்தம் உண்டு. மற்றொன்றில் எதுவும் இல்லை. பயணச்சீட்டை நீக்கும் பக்கத்தில் இவ்விரண்டும் ஒருங்கே வந்தால் என்ன ஆகும்? “ரத்து செய்யவா?” என்று உலாவியின் சிறு பெட்டி கேட்கும். அதன் அடியில் இரண்டு விடைகள்: ‘சரி’, ‘ரத்து’. சீட்டை ரத்து செய்ய ‘ரத்து’ பொத்தானை அழுத்த வேண்டுமா, ‘சரி’யை அழுத்த வேண்டுமா? படித்தவரும் தடுமாறுவர்.

ஆகவே பொத்தான்மேல், அழுத்தினால் என்ன நடக்குமோ அதையே எழுதுங்கள். ‘விண்ணப்பத்தை அனுப்பு’, ‘சேமிக்காமல் வெளியேறு’, ‘பயணச்சீட்டை நீக்கு’, ‘சீட்டு இருக்கட்டும்’ என்று எழுதினால் யாருக்கும் ஐயம் எழாது. தமிழில் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியும்போது ஏன் ஒற்றைச் சொல்லில் அடைக்க வேண்டும்?

உறுதி கேட்டால் மட்டும் போதுமா?

2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், அமெரிக்காவின் சிட்டி பாங்க், ரெவ்லான் நிறுவனத்தின் கடனுக்காக வட்டித் தொகை ஏறத்தாழ 78 லட்சம் டாலர் மட்டும் அனுப்ப வேண்டியிருந்தது. ஆனால் கடன் கொடுத்தோருக்குப் போனதோ ஏறத்தாழ 90 கோடி டாலர். கணினித் திரையில் மூன்று கட்டங்களைக் குறித்திருக்க வேண்டிய இடத்தில் ஒன்றை மட்டும் குறித்ததே காரணம். அதை மூவர் பார்த்து ஒப்புதல் அளித்திருந்தனர். பணம் வங்கியை விட்டு வெளியே போகும், தொடரலாமா என்று கணினி எச்சரித்தது; ஆனால் எவ்வளவு போகும் என்று சொல்லவில்லை. பெரும்பகுதியைத் திரும்பப் பெற முடியாமல் வழக்கு நடந்தது. 2021-இல் முதல் நீதிமன்றத்தில் வங்கி தோற்றது. 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் மேல்முறையீட்டில்தான் வென்றது.

“உறுதியா?” என்று கேட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுவோருக்கு இது பாடம். எதை உறுதி செய்கிறோம் என்று காட்ட வேண்டும். வலைத்தளங்களுக்கு நெறி வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு, 2008-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதையே வலியுறுத்துகிறது. சட்டம், பணம் பற்றிய படிவங்களிலும், ஒருவர் சேமித்த தகவலை மாற்றும் படிவங்களிலும் மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும்: அனுப்பியதைத் திரும்பப் பெற வழி, பிழையைக் கண்டு திருத்தும் வாய்ப்பு, அல்லது முழுவதையும் ஒருமுறை காட்டி உறுதி கேட்டல்.

பத்து நிமிடச் சோதனை

ஒரு படிவத்தைச் செய்து முடித்தவுடன் கீழ்க்கண்டவற்றைச் செய்து பாருங்கள்:

1. பாதி நிரப்பி ‘ரத்து’ பொத்தானை அழுத்துக. வெளியேற முடிகிறதா?
2. முழுதும் நிரப்பி ‘ரத்து’ பொத்தானை அழுத்துக. பிறகு பட்டியலைத் திறந்து பார்க்க. எதுவும் ஏறியிருக்கக் கூடாது. திரையில் வரும் செய்தியை நம்ப வேண்டாம்.
3. ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் என்டர் தட்டுக. நடப்பது நீங்கள் எண்ணியதுதானா?
4. சமர்ப்பிக்கும் பொத்தானை விரைவாக மூன்று முறை அழுத்துக. பின் பக்கத்தை மீண்டும் ஏற்றுக. ஒரே ஒரு பதிவுதான் இருக்க வேண்டும்.
5. கணினி அறியாத ஒருவரை அழைத்து, பொத்தான்மேல் உள்ளதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, “இதை அழுத்தினால் என்ன ஆகும்?” என்று கேட்க. அவர் விடை தவறானால் திருத்த வேண்டியது அவரையன்று, பொத்தானை.

ஐந்தாம் சோதனைக்கு நம் மாணவி ஒருத்தி தன் தாயையே அழைத்து வந்தாள். பூக்கட்டும் தொழில் செய்பவர் அவர். திருத்திய படிவத்தின் எதிரே அமர்ந்து, ‘விண்ணப்பத்தை அனுப்பு’, ‘சேமிக்காமல் வெளியேறு’ என்று எழுத்துக்கூட்டிப் படித்தார். “அப்போ இது வேண்டாம்னா இந்தப் பக்கம் போயிரலாம், ஒண்ணும் ஆகாது. அப்படித்தானே?” என்று கேட்டார்.

“ஒண்ணும் ஆகாதும்மா” என்றாள் மகள்.

அந்தச் சொல்லை அவள் துணிந்து சொல்ல முடிந்தது, உள்ளே எழுதியிருந்ததை அவள் சோதித்திருந்ததால். ரத்து என்றால் எதுவும் நிகழாது. சமர்ப்பித்தால் ஒரே ஒருமுறை நிகழும். படிவம் செய்பவர் நிரப்புபவருக்குக் கொடுக்கும் வாக்கு இவ்விரண்டுதான். மாணவியரே, நீங்கள் செய்யும் படிவங்கள் இவ்வாக்கைக் காப்பாற்றட்டும். அப்போது “பார்த்து அழுத்தம்மா” என்னும் குரல் கணினி மையங்களில் மெல்ல மெல்லக் குறையும்.